இதழில் விதைப்பு, நூலில் விளைச்சல்!

"அவசரத்தில் எழுதியது, அடுத்த வாரம் பொட்டலம் கட்டப் போவது, இதுவா ஆராய்ச்சி? இதுவா இலக்கியம்?" அரசியல் ஏடுகளில் வரும் கட்டுரைகளைக் கண்டதும், புலமைக்குத் தாமே காவலர் என்று எண்ணிக்கொண்டிருப்போர் எழுப்பும் ஏளனக் கேள்வி இது. ஆட்சி அதிகாரத்தைப் பற்றி நூல் வேண்டுமா? பேராசிரியர் எழுதட்டும், ஓய்வு பெற்ற உயர் அதிகாரி எழுதட்டும், வாரந்தோறும் வாதாடும் உங்களுக்கு ஏன் அந்த வேலை என்கிறார்கள். நாம் கேட்கிறோம்: அதிகாரத்தின் நிழலில் அமர்ந்தவன் எழுதினால்தான் அதிகாரம் விளங்குமா? அதன் வெயிலில் நின்று வாடியவன் எழுதினால் விளங்காதா?

வரலாற்றைப் புரட்டிப் பார்க்கட்டும் இந்தக் காவலர்கள். 1787ஆம் ஆண்டு. அமெரிக்காவுக்குப் புதிய அரசியல் சட்டம் வரையப்பட்டது. நியூயார்க் மாநிலம் அதை ஏற்பதா, எதிர்ப்பதா? ஹாமில்டன், மாடிசன், ஜே என்னும் மூவர் 'பப்ளியஸ்' என்ற ஒரே புனைபெயரில் அந்நகரச் செய்தித்தாள்களில் வாதாடினர். மாற்றார் மறுத்தெழுத, இவர்கள் விடை எழுத, வாதம் வலுப்பெற்றது. மறு ஆண்டே 85 கட்டுரைகள் இரண்டு தொகுதிகளாய் நூலுருப் பெற்றன. இன்றும் அந்நாட்டு நீதிமன்றங்கள் அந்நூலை மேற்கோள் காட்டுகின்றன. பொட்டலத் தாளா அது?

கடல் கடந்து போவானேன்? நம் மண்ணுக்கு வருவோம். 1925இல் ஈரோட்டில் பிறந்த 'குடி அரசு', 1933 அக்டோபரில் ஒரு தலையங்கம் தீட்டிற்று. இன்றைய ஆட்சி ஏன் ஒழிய வேண்டும் என்று கேட்டார் பெரியார். விடை சொல்ல வகையற்ற வெள்ளை அரசு வழக்குத் தொடுத்தது. எழுதிய பெரியாரும், வெளியிட்ட அவர் தங்கை கண்ணம்மாளும் சிறை புகுந்தனர். பின்னர், அறிஞர் அண்ணா 1942இல் தொடங்கிய 'திராவிட நாடு' கிழமை இதழில் வந்த கட்டுரைகள் 'ஆரிய மாயை' என்ற நூலாயின. 1950இல், அந்த நூலுக்காக அண்ணாவுக்குச் சிறைத் தண்டனை! வெள்ளையர் ஆட்சியில் ஒரு தலையங்கம் குற்றம். விடுதலை பெற்ற நாட்டில் ஒரு நூல் குற்றம். ஆள்வோர் மாறினர், அச்சம் மாறவில்லை. ஏட்டின் எழுத்து ஒரு நாள் எழுத்தென்றால், அதைக் கண்டு ஆட்சிபீடம் ஏன் நடுங்கிற்று?

அந்த ஏட்டு மரபிலே வளர்ந்தவர்தான் முரசொலி மாறன். 1969இல் தமிழ்நாடு அரசு, மத்திய மாநில உறவுகளை ஆராய நீதிபதி இராசமன்னார் தலைமையில் மூவர் குழுவை அமைத்தது. 1971இல் அறிக்கை வந்தது. 1974 ஏப்ரலில் மாநில சுயாட்சித் தீர்மானம் சட்டமன்றத்தில் நிறைவேறிற்று. அவ்வாண்டே மாறனின் 'மாநில சுயாட்சி' வெளிவந்தது. குழுவின் அறிக்கை அரசின் அலமாரிக்குப் போயிற்று. நூலோ மக்கள் கைக்கு வந்தது. வரி வாங்கும் வலிமை எவரிடம், செலவுச் சுமை எவர் தலையில் என்ற கேள்வி படிப்பகத்துப் பெஞ்சில் அமர்ந்திருந்தவனுக்கும் உரியதாயிற்று. பப்ளியஸ் எழுதியது நடுவரசை வலுப்படுத்த; மாறன் எழுதியது மாநிலத்தை வலுப்படுத்த. நோக்கம் எதிரெதிர், முறை ஒன்றே. பாமரனைப் பார்த்துப் பேசிப் பழகிய பேனாவே இரண்டையும் ஆக்கிற்று.

கேள்வி வீண் கேள்வி அல்ல என்பதைக் காலமே காட்டிற்று. நெருக்கடி நிலையின்போது, 1976 சனவரி 31 அன்று, அரசியல் சட்டத்தின் 356ஆவது பிரிவைக் கொண்டு மாநில ஆட்சி கலைக்கப்பட்டது. மாறன் சிறைப்பட்டார். கைதானோர் பெயரை வெளியிடவும் தணிக்கை தடை போட்டது. அண்ணா நினைவு நாளில் மலர் வைக்க வர இயலாதோர் என்று பட்டியல் தந்து, அந்தப் பெயர்களை நாட்டுக்கு அறிவித்தார் கலைஞர்! அதே 1976இல் 42ஆவது திருத்தம், கல்வியை மாநிலப் பட்டியலிலிருந்து பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. கரும்பலகையின் முன் நிற்கும் நாம் எதைக் கற்பிப்பது என்பதில், நாடாளுமன்றத்தின் கை மேலோங்கிற்று. வழக்கு இன்னும் தீரவில்லை. 2025 ஏப்ரலில் நீதிபதி குரியன் ஜோசப் தலைமையில் மீண்டும் ஒரு குழுவை அமைத்தது தமிழ்நாடு அரசு.

நம் தருமபுரிக்கு இதில் என்ன வேலை என்பீரோ? காவிரி தமிழகத்தில் கால் வைக்கும் ஒகேனக்கல் நம்முடையது. ஆயினும் ஃபுளோரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல் கறுத்து, எலும்பு நலிந்தவர் நம் மக்கள். கூட்டுக் குடிநீர்த் திட்டத்துக்கு ஜப்பானியக் கடன், டெல்லியின் இசைவு, 2008இல் அண்டை மாநிலத்தின் எதிர்ப்பு, தண்ணீர் வந்து சேர்ந்ததோ 2013இல்! ஒரு குவளை நீருக்குள் எத்தனை அதிகாரங்கள்! இதை எழுத எந்த அறிஞர் எங்கிருந்து வருவார்? நாமே எழுத வேண்டாமா?

ஒன்று மறவோம். வசைகளைத் தொகுத்தால் நூலாகாது. வாழ்த்துகளைக் கோத்தாலும் நூலாகாது. திரட்டு வேறு, நூல் வேறு. இந்த வாரம் ஒரு கேள்வி. அடுத்த வாரம் அதற்கு வந்த மறுப்பு. அதற்கடுத்த வாரம் ஆவணத்தோடு விடை. இப்படி உரசி உரசித் தேறிய எழுத்தே ஆண்டு கடந்து நிற்கும். ஆவணத்துக்கு எங்கே போவது என்று தயங்க வேண்டாம். 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. பத்து ரூபாய்க் கட்டணத்தில் அரசு அலுவலகத்தைக் கேள்வி கேட்கலாம். பெரியாருக்கு இருந்ததா அந்த வசதி?

தோழர்களே! படிப்பகத்தில் கூடுங்கள். ஊராட்சியின் கணக்கு, பள்ளியின் குறை, குழாயின் வறட்சி என்று உங்கள் ஊரிலிருந்தே தொடங்குங்கள். வாரம் ஒரு கட்டுரை தீட்டுங்கள், திருத்துங்கள், தொகுத்து நூலாக்குங்கள். அதிகாரம் எங்கே இருக்கிறது என்று அறியாத மக்களை எவரும் ஆளலாம். அறிந்த மக்களிடம், ஆள்வோர் கணக்குக் காட்டியே தீரவேண்டும்!