ஓரிரவு வாடகையும் ஒரு நாட் கூலியும்

ஹந்தானை மலையைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அதன் பனியைப் பற்றித்தான் பேசுகிறார்கள். 1969இல் வெளிவந்த ‘ஹந்தானே கதாவ’ என்ற சிங்களத் திரைப்படம் அந்த மலையடிவாரத்தைக் காதலின் நிலமாக நாட்டு மக்கள் மனத்தில் பதித்துவிட்டது. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்து வெளியேறிய தலைமுறைகள் பல அந்த மயக்கத்திலிருந்து இன்னும் முற்றாக விடுபடவில்லை. அதிலே தவறொன்றுமில்லை, இளமைக்கு ஒரு மலை வேண்டும். ஆனால், அந்தப் பனிக்கு இன்று விலைச்சீட்டுக் கட்டப்பட்டிருக்கிறது. ஓரிரவுக்கு இவ்வளவு, சன்னலைத் திறந்தால் மலை தெரியும் அறைக்கு இன்னும் இவ்வளவு என்று கைபேசியில் படம் காட்டி விற்கிறார்கள். விற்கப்படும் அந்தக் காட்சியில் கொழுந்து பறிக்கும் பெண்ணும் இருக்கிறாள். விற்ற பணத்தில்தான் அவளைக் காணோம்.

நாம் இங்கே எழுப்புவது வரிப் பிரச்சினை. வரி என்றதும் முகஞ் சுளிக்கும் இலக்கிய நண்பர்கள் சற்றுப் பொறுத்தருள வேண்டும். ஒரு சமுதாயம் யாரிடம் எதைக் கேட்கிறது, யாரை ஒன்றும் கேளாமல் விட்டுவிடுகிறது என்பதை அதன் கவிதைகளிலும் பார்க்க அதன் வரிச் சட்டங்களே ஒளிவுமறைவின்றிச் சொல்லும்.

சட்டம் சொல்வது என்ன? 2005ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சுற்றுலாச் சட்டத்தின் கீழ், உல்லாசப் பயணிகளுக்கு வீட்டையோ வீட்டின் அறையையோ வாடகைக்கு விடுகிறவர் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபையில் தம்மைப் பதிந்துகொள்ள வேண்டும். பதிந்தவர், செலவு போக மிஞ்சிய இலாபத்தில் அல்ல, மொத்த வரவிலேயே நூற்றுக்கு ஒரு ரூபாயைச் சுற்றுலா அபிவிருத்தி அறவீடாகக் கொழும்புக்குக் கட்டுகிறார். அதில் பெரும்பங்கு விளம்பரத்துக்குப் போகிறது. உள்ளூராட்சிச் சபையின் அனுமதிப்பத்திரக் கட்டணம் இதற்கு வேறானது. ஹந்தானையில் நகரை ஒட்டிய பகுதி மாநகர சபையின் எல்லைக்குள் வருகிறது. அப்பாலுள்ள சரிவுகள் பிரதேச சபைகளுக்கு உரியவை. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைச் சட்டம் தங்குவிடுதிகளுக்கு இருவகைக் கட்டணத்தை வகுத்தது. சுற்றுலாத் துறையில் பதிந்த விடுதியானால் முந்திய ஆண்டு வரவில் நூற்றுக்கு ஒன்று வரை அறவிடலாம். பதியாத விடுதியானால், கட்டடத்தின் ஆண்டுப் பெறுமதி எவ்வளவு உயர்ந்தாலும் ஆயிரம் ரூபாய்க்கு மேல் கேட்கலாகாது. மாநகர சபைகளுக்கு அந்த உச்சம் ஐயாயிரம்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓரிரவுக்குப் பதினையாயிரம் ரூபாய் வாங்கும் வீடு, ஆண்டில் நூற்றைம்பது இரவுகள் வாடகைக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். வரவு இருபத்திரண்டரை இலட்சம். வீட்டுக்காரர் நேர்மையாகப் பதிந்தவரானால் பிரதேச சபைக்கு 22,500 ரூபாய் வரை கட்டவேண்டும். கொழும்புக்கு இன்னுமொரு 22,500. பதியாதவரானால் ஆயிரம் ரூபாயோடு முடிந்தது. அந்த ஆயிரத்தையும் கேட்டு வாங்குவதற்கு, அங்கே ஒரு விடுதி நடக்கிறது என்பது முதலில் சபைக்குத் தெரிந்தாக வேண்டும். வெளியே பலகை இல்லாமல், கைபேசியில் மட்டுமே விலாசம் கொண்ட விடுதி எந்த அலுவலரின் கண்ணில் படும்? பதிந்தவனைத் தண்டித்து, மறைந்தவனுக்குச் சலுகை தரும் இந்த விந்தையைச் சட்டம் என்று அழைக்கிறோம்.

இடையிலே ஒரு மூன்றாம் ஆள் இருக்கிறான். படத்தைப் போட்டு ஆளைச் சேர்த்துவிடும் வெளிநாட்டு வலைத்தள நிறுவனம், அறை வாடகையில் நூற்றுக்குப் பதினைந்து ரூபாய் அளவில் தரகு எடுத்துக்கொள்கிறது. பாதை போட்டு, குப்பை அள்ளி, குழாய் நீர் தரவேண்டிய சபைக்கு ஒன்று. படம் காட்டியவனுக்குப் பதினைந்து! முற்காலத்தில் கங்காணி தலைக்காசு வாங்கினான். அவனாவது ஆட்களோடு கப்பலேறி, கால்நடையாக மலைக்கு வந்தான்.

“பாவம், நாலு காசு பார்க்கும் நடுத்தரக் குடும்பத்தை ஏன் வதைக்கிறீர்கள்?” என்று வாசகர் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஓய்வுபெற்ற ஓர் ஆசிரியை, பிள்ளைகள் வெளிநாடு போனபின் காலியாகக் கிடக்கும் அறையைப் பயணிகளுக்கு விட்டுத் தேநீரும் ஆப்பமும் கொடுத்து மருந்துச் செலவுக்குச் சம்பாதிக்கிறார் என்றால், அவர்மேல் நமக்கு எந்தக் குறையும் இல்லை; அவரிடம் கேட்பது மிகக் குறைவாகவே இருக்கவேண்டும். நமது விவாதம் அவரைப் பற்றியதல்ல. மூன்று வீடு, நான்கு வீடு என்று வாங்கிப் போட்டுவிட்டு, சாவியைக் காவற்காரனிடம் கொடுத்து, வங்கிக் கணக்கில் மட்டுமே ஹந்தானைவாசியாக இருக்கும் கனவான்களைப் பற்றியது. விசித்திரம் என்னவென்றால், பதிவு, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அறிக்கை, பொலிஸ் அறிக்கை, காப்புறுதி என்று அலைந்து திரிந்து சட்டத்துக்கு அடங்குகிறவர் அந்த ஆசிரியைதான். கனவானுக்கோ தெரிந்த சட்டத்தரணிகள் இருக்கிறார்கள்.

இந்த நாட்டுக்கு இரண்டையும் வேறுபடுத்திப் பார்க்கத் தெரியாமலும் இல்லை. 1972இல் வாடகைச் சட்டம் வந்தது. 1973இல், ஐக்கிய முன்னணி அரசில் வீடமைப்பு அமைச்சராயிருந்த கம்யூனிஸ்ட் தலைவர் பீற்றர் கெனமனின் காலத்தில், வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டம் வந்தது. ஒரு குடும்பம் இத்தனை வீடுகளுக்கு மேல் வைத்திருக்கலாகாது என்று ஒரு பாராளுமன்றம் துணிந்து சொன்னது. வாடகைக்குக் குடியிருந்தோர் பலர் அதனால் சொந்த வீட்டுக்காரரானார்கள். பின்வந்த ஆட்சிகள் அதன் பல்லைப் பிடுங்கிவிட்டன. இன்று பேராதனையைச் சுற்றி அறை தேடி அலையும் மாணவனிடம் கேளுங்கள். மாத வாடகைக்கு மாணவனை வைத்திருப்பதா, இரவு வாடகைக்குப் பயணியை ஏற்றுவதா என்று கணக்குப் பார்க்கும் வீட்டுக்காரருக்குச் சந்தை ஒரே விடையைத்தான் சொல்லிக்கொடுக்கும்.

இனி, இந்தப் பிரச்சினையின் நெஞ்சுக்கு வருவோம். விடுதியைப் பதிவதற்கு அதிகார சபை கேட்கும் ஆவணங்களில் முதன்மையானது காணி உறுதி; அல்லது முறையான குத்தகைப் பத்திரம். ஹந்தானைத் தோட்டத்து லயத்தில் தலைமுறை தலைமுறையாக வாழும் குடும்பம் எந்த உறுதியைக் காட்டும்? ஏழு பேர்ச், பத்துப் பேர்ச் என்று மலையகத்தில் அங்குமிங்குமாகப் பத்திரங்கள் வழங்கப்பட்டாலும், லயன் காம்பராவில் வாழ்கிறவர்களில் மிகப் பலருக்கு அந்தக் காம்பராவின் மேல் எழுத்தில் ஓர் உரிமையும் கிடையாது. இந்த மலையின் தேநீரை, இந்த மலையின் கதையை, தன் பாட்டியின் கைப்பக்குவத்தை வந்தவருக்குக் கொடுத்து நாலு காசு பார்க்கும் வாய்ப்பு, அந்த மலையை உண்டாக்கியவனுக்குத்தான் மூடிக் கிடக்கிறது. இத்தனைக்கும் தோட்டத்தின் சொந்தக்காரர் யாரோ ஒரு துரை அல்லர். 1970களின் தேசியமயத்துக்குப் பின் அரசின் ‘ஜனவசம’ என்ற பெருந்தோட்ட அபிவிருத்திச் சபை. உறுதியைக் கேட்பதும் அரசு, உறுதியைக் கொடாமல் வைத்திருப்பதும் அரசு! 1925இல் கட்டிய ஹந்தானைத் தேயிலைத் தொழிற்சாலை ஓய்ந்து கிடந்தபோது, அதைச் செப்பனிட்டு 2001இல் அருங்காட்சியகமாகத் திறந்தார்கள். பழைய இயந்திரங்களுக்கு நிரந்தர விலாசம் கிடைத்துவிட்டது.

உறுதி கேட்டு மனிதனை நிலத்திலிருந்து விலக்குவது இந்த மலைக்குப் புதியதல்ல. 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம், கண்டிச் சிங்கள விவசாயியிடம் அவன் பாட்டன் காலத்துச் சேனை நிலத்துக்கும் காட்டுக்கும் பத்திரம் கேட்டது. பத்திரம் இல்லாத நிலம் முடிக்குரியதாயிற்று. முடியிடமிருந்து கோப்பித் துரைமாரின் கைக்குப் போயிற்று. பறிக்கப்பட்ட அந்த நிலத்தில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து கூலிகள் கொண்டுவரப்பட்டார்கள். நிலத்தை இழந்த சிங்கள விவசாயியின் பேரனும், நிலமே கிடைக்காத தமிழ்த் தொழிலாளியின் பேரனும் இன்று ஒரே மலையின் இரண்டு பக்கங்களில் இருக்கிறார்கள். இருவரையும் விலக்கியது ஒரே காகிதம் என்பதை இருவருக்கும் எடுத்துச் சொல்வார் இல்லை.

சபையின் வரலாற்றையும் பாருங்கள். தோட்டப்புறங்களில் சேவை செய்யப் பிரதேச சபைகளுக்கு 1987ஆம் ஆண்டுச் சட்டத்தின் 33ஆம் பிரிவு தடையாக நின்றது. தோட்டத் தமிழர் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த சபை, அவர்களது லயத்துப் பாதைக்கு ஒரு கூடை கல் கொட்டுவதற்கும் சட்டம் குறுக்கே நின்றது. 2018இல்தான் அது திருத்தப்பட்டது. சட்டம் திருந்தியது, பணம் எங்கிருந்து வரும்? அதற்கு வரவேண்டிய பணம்தான் மேலே சொன்ன ஆயிரம் ரூபாய்க் கணக்கில் ஒழுகிப் போகிறது.

“வரி போட்டால் உல்லாசப் பயணிகள் வரமாட்டார்கள், அன்னியச் செலாவணி போய்விடும்” என்பது வழக்கமான ஓலம். விலையில் தலையிடலாகாது என்று உபதேசிக்கும் இதே அரசுதான் 2023 ஒக்டோபரில் கொழும்பு ஹொட்டல்களுக்குக் குறைந்தபட்ச அறைக் கட்டணத்தை வர்த்தமானியில் விதித்தது. ஐந்து நட்சத்திர அறைக்கு நூறு டொலர். பின்னர் அது கைவிடப்பட்டது என்பது வேறு விஷயம். அந்தக் கட்டளை வந்த நாளில் தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்ச நாட்கூலி, 2021இல் நிர்ணயித்த ஆயிரம் ரூபாய்; அதாவது சுமார் மூன்று டொலர். 2024 செப்டெம்பரில்தான் அது 1,350 ஆனது. 2026க்கான வரவு செலவுத் திட்டம், வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து 1,750 என்றது. பணக்காரரின் கட்டிலுக்கு டொலரில் நியாய விலை வகுக்கும் திறமை நமது அதிகாரிகளுக்கு உண்டு என்பதை மறக்க வேண்டாம்.

முதலாளித்துவத்தின் தலைநகரமான நியூயோர்க்கே 2023 செப்டெம்பர் முதல், முப்பது நாளுக்குக் குறைந்த வாடகைக்கு வீட்டுக்காரர் தாமும் அதே வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற விதியை நடைமுறைப்படுத்துகிறது. பார்சிலோனா நகராட்சி, பத்தாயிரத்துக்கு மேற்பட்ட உல்லாச வீடுகளின் உரிமங்களை 2028க்குப் பின் புதுப்பிப்பதில்லை என்று 2024இல் அறிவித்தது. இரு நகரங்களும் பாழாகிவிடவில்லை.

நமக்கோ இன்னொரு கவலையும் உண்டு; அது மண். ஹந்தானை மலைத்தொடர் 2010இல் சுற்றாடல் பாதுகாப்புப் பிரதேசமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ சூறாவளியின் மழையில் மலைநாடு சரிந்தபோது, உயிரிழப்பு மிகுந்த மாவட்டங்களின் முன்வரிசையில் கண்டி நின்றது. சரிவை வெட்டி, காட்சிக்காக விளிம்பில் மாடி எழுப்புகிறவர் தம் விருந்தினரை மட்டும் ஆபத்தில் வைக்கவில்லை. வெட்டிய மண் எப்போதும் கீழேதான் வரும். கீழே இருப்பவை யாருடைய வீடுகள் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே நாம் கேட்பது இது. அனுமதிக் கட்டணத்தை இரவுக் கணக்கில் அறவிட வேண்டும். குடியிருக்கும் வீட்டின் அறைக்குச் சொற்பமும், இரண்டாம் வீட்டுக்குப் பன்மடங்கும், மூன்றாம் வீட்டுக்கு அனுமதி மறுப்புமாக அது அமைய வேண்டும். பதியாத வீட்டின் படத்தை வெளியிடும் தரகு நிறுவனம் தண்டம் கட்ட வேண்டும். கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவுச் சான்றிதழ் இல்லாமல் சரிவிலே எந்த விடுதிக்கும் உரிமம் கூடாது. சேரும் பணம், லயத்துக் குடிநீருக்கும் பாதைக்கும் மாணவர் தங்குமிடத்துக்குமென்று சபையின் தனிக் கணக்கில் நிற்க வேண்டும். லயத்துக் குடும்பங்களுக்கு உறுதி வழங்கும் வரை, தோட்டத்தில் குடியிருக்கிறார்கள் என்ற சான்றே பதிவுக்குப் போதுமென ஏற்கப்பட வேண்டும். இவற்றிற் சிலவற்றுக்குப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியாக வேண்டும். ஆனால், எத்தனை வீடுகள், யாருடையவை, எத்தனை இரவுகள் என்ற பட்டியல் கையில் இருந்தாலன்றிச் சபை அதைக் கோரவும் முடியாது. இரண்டாண்டுக்கு மேற்பட்ட இடைவெளியின் பின், 2025 மே மாதத் தேர்தலில் சபைகள் மீண்டும் மக்கள் பிரதிநிதிகளின் கைக்கு வந்தன. விடுதிகளின் படங்களும் விலைகளும் எவர் கண்ணுக்கும் தெரியும்படி கைபேசியிலேயே கிடக்கின்றன. ஒழுங்கை ஒழுங்கையாக நடந்து அவற்றைச் சரிபார்த்து எழுதிச் சபைக் கூட்டத்தில் வைப்பதற்குப் பேராதனையின் பொருளியல், புவியியல் மாணவர்களுக்கு ஒரு விடுமுறை போதும்.