ஆழ்கடல் மீன்வேட்டைக்குப் படகு தெரிதல்

மனிதன் தன் உயிரைப் பிறர் கையில் முழுவதும் ஒப்புவிக்கும் வேளைகள் பலவல்ல. நோயுற்றக்கால் அறுவை வைத்தியரிடத்தும், மலைப்பாதையில் வண்டி செலுத்துவோனிடத்தும் அங்ஙனம் ஒப்புவிக்கின்றான். கரை கண்ணினின்று மறையும் ஆழ்கடலில் படகு செலுத்துவோனிடத்து ஒப்புவிப்பதும் அத்தகையதே. முன்னைய இரண்டிலும் பத்துப்பேரை விசாரித்தன்றித் துணியாத நாம், பின்னையதில் மாத்திரம் ஓர் அழகிய படத்தைக் கண்ட அளவில் பணத்தைக் கட்டிவிடுகின்றோம். விடுமுறை நாளில் நம் அறிவும் விடுமுறை கொண்டுவிடுகின்றது போலும்!

இஃது ஏதோ செல்வர் சிலரைப் பற்றிய பேச்சென்று மாணவ நண்பர்கள் தள்ளிவிடற்க. நம் கல்லூரியினின்று வெளிப்போந்த பலர் இன்று அயல்நாடுகளில் தொழில் புரிகின்றனர். ஆண்டுதோறும் சின்னாள் ஓய்வு பெற்றுக் குடும்பத்துடன் கடற்கரை ஊர்களுக்குச் செல்லுகின்றனர். அவ்வூர்த் துறைகளில் தூண்டில் மீன்வேட்டைக்கென வாடகைக்கு விடப்படும் படகுகளில் ஏறுகின்றனர். அவர்கட்கும், நாளை அவர்வழிச் செல்லவிருக்கும் நுமக்கும் பயன்படும் என்னும் கருத்தாலேயே இதனை எழுதலானேன். படகைத் தெரிவதில் முதற்கண் நோக்கற்பாலது முன்பு பிடிபட்ட மீனின் பருமையன்று, படகுத் தலைவரின் நேர்மையே என்பது என் துணிபு.

பொதுப்படக் கூறின் பொருள் விளங்காதாதலின் ஓரிடத்தை எடுத்துக்கொள்வோம். பசிபிக் மாகடலின் நடுவணுள்ள ஹவாய்த் தீவுக்கூட்டத்தில் மிகப் பெரிய தீவின் மேற்குக் கரைக்குக் கோனா என்று பெயர். அக்கரையிலுள்ள கைலுவா என்னும் ஊர் நமக்கு முற்றிலும் அயலதன்று. 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் ஊழியத்தைத் தொடங்கிப் பள்ளிகளையும் கல்லூரிகளையும் நாட்டிய அமெரிக்கன் போர்டு என்னும் சங்கத்தார் அனுப்பிய ஊழியரே 1820இல் கைலுவாவிலும் வந்திறங்கினர். அவ்வூழியத்தின் பயனாக எழுந்து, 1837இல் கட்டி முடிக்கப்பெற்ற மொக்குவாய்க்காவுவா என்னும் கற்கோயில் இன்றும் கடலருகே நிற்கின்றது.

மீன்வேட்டைக்கு அக்கரை பெயர் பெற்றதற்கு இயற்கையே காரணம். கரைக்குப் பின்னே ஹுவாலாலாய் 8,000 அடிக்கு மேலும், மௌனா லோவா 13,000 அடிக்கு மேலும் உயர்ந்து நிற்கின்றன. வடகிழக்கினின்று ஓயாது வீசும் வியாபாரக் காற்றை அம்மலைகள் தடுத்துவிடுதலின், மேற்கேயுள்ள கடல் பெரும்பாலும் அமைதியாகவே கிடக்கும். எரிமலைகளின் சரிவே கடலுள்ளும் தொடர்ந்து இறங்குதலால், கரையினின்று சில மைல்களுக்குள்ளாகவே ஆழம் ஆயிரம் பாகத்தை, அஃதாவது ஆறாயிரம் அடியை எட்டிவிடுகின்றது. பிற நாடுகளில் பல மணிநேரம் ஓடிச் சேரவேண்டிய ஆழ்கடல் இங்கே வாயிற்படியிலேயே உள்ளது. ஆகவே சூரை மீன்களும், மாஹிமாஹியும், நம் மீனவர் மயில்மீன் என்று வழங்குவதற்கு உறவான மார்லின் என்னும் ஈட்டிமூக்கு மீனும் அங்கே கிட்டுகின்றன. 1982ஆம் ஆண்டில் கோனாக் கடலில் தூண்டிலில் அகப்பட்ட நீல மார்லின் ஒன்று 1,376 ராத்தல் நிறையுள்ளதாயிருந்தது.

இத்தகைய எண்களே விளம்பரங்களில் முன்னிற்கும். படகின் பக்கத்தே தலைகீழாகத் தொங்கும் பெருமீனும், அதன் அருகே புன்னகை செய்யும் விருந்தினரும் கொண்ட படங்களைக் கண்டு மயங்காதார் அரியர். ஆனால் அப்படம் எந்த ஆண்டினது? அன்று படகைச் செலுத்தியவர் இன்று செலுத்துவோர் தாமா? இவற்றைக் கேட்பார் இலர். மீன் அகப்படுதல் காலத்தையும் நீரோட்டத்தையும் பொறுத்தது. சிறந்த தலைவரும் வெறுங்கையோடு திரும்பும் நாள்கள் உண்டு. பெருமீன் உறுதி என்று கூறுவோர் தம் கையில் இல்லாததை விற்கின்றனர் என்று அறிக.

இனிக் கேட்கற்பாலன யாவை? முதலாவது, சட்டம். அமெரிக்க நாட்டில் கூலிக்கு ஆளேற்றும் படகைச் செலுத்துவோர் கடலோரக் காவற்படையாரிடம் அநுமதிப் பத்திரம் பெற்றிருத்தல் வேண்டும். அப்படையாரின் சோதனைக்குட்பட்டுச் சான்றிதழ் பெறாத சிறு படகில் கூலி கொடுக்கும் பிரயாணிகள் அறுவர்க்கு மேல் ஏறலாகாது. கோனாவிலுள்ள மீன்வேட்டைப் படகுகளுள் மிகப் பல இவ்வறுவர் வகையினவே. இவ்விதியை மீறும்படி தூண்டுவோர் பெரும்பாலும் பிரயாணிகளாகிய நாமே. பெற்றோரும் பிள்ளைகளுமாக எழுவர் வந்து நின்று, “கடைக்குட்டி குழந்தைதானே, மடியில் இருக்கட்டும்” என்று மன்றாடுவோம். அங்ஙனம் மன்றாடியபோது, “இயலாது, வேறு படகு பாருங்கள்” என்று சொல்லித் தம் ஒருநாள் வருவாயை இழக்கத் துணியும் தலைவர் கிடைத்தால், அவரைக் கடிந்துகொள்ளற்க. அவருக்கு ஏற்றவாறு நாளையோ தொகையையோ மாற்றிக்கொண்டாயினும் அவர் படகிலேயே ஏறுக. சட்டத்தை வளைப்போர் எந்திரத்தைப் பழுது பார்ப்பதிலும் அவ்வாறே இருப்பார் என்று ஐயுறுவது குற்றமாகாது.

இரண்டாவது, ஆபத்துக்கால ஆயத்தம். ஏறுவோர் ஒவ்வொருவர்க்கும், சிறுவர்க்குச் சிறுவர் அளவிலும், மிதவைச் சட்டை உண்டா? துயரக்குரல் கொடுக்கும் ரேடியோ செம்மையாயுள்ளதா? படகு மூழ்கினாலும் செயற்கைக்கோள் வழியே இடத்தை அறிவிக்கும் கருவி உண்டா? தலைவர் மயங்கி வீழ்ந்தால் படகைக் கரைசேர்க்க உதவியாளர் வல்லவரா? இவற்றைக் கேட்பது அவமதிப்பன்று. நற்றலைவர் கேளாமுன்னரே காட்டுவர்.

மூன்றாவது, வானிலை. “காற்று மிகுந்தால் யாது செய்வீர்?” என்று கேளுங்கள். “போய்ப் பார்ப்போம்” என்பது விடையாயின் நாம் போகாதிருப்பது நலம். “திரும்பிவிடுவேன்; பணத்தில் இவ்வளவு மீட்டுத் தருவேன்” என்பதே விடையாதல் வேண்டும். அவ்வேற்பாட்டையும் முன்னரே எழுத்தில் பெறல் வேண்டும். கடலையே தொழிலாகக் கொண்ட கலிலேயாச் செம்படவரும் புயலின் நடுவே அஞ்சி அலறினர் என்று வேதத்தில் படிக்கின்றோம். கடலை அறிந்தோர் கடலுக்கு அஞ்சுவர். அவ்வச்சம் இழிவன்று, அதற்கே நாம் கூலி கொடுக்கின்றோம் என்னலாம்.

செலவைப் பற்றிச் சுருக்கமாகக் கூறுவல். முழுப்படகையும் அமர்த்தினால் ஒருவர் ஏறினும் அறுவர் ஏறினும் வாடகை ஒன்றே. பங்குப் படகிலோ தலைக்கு இவ்வளவு என்று கொடுத்து அறியாதாரோடு ஏறித் தூண்டிலை முறைவைத்துப் பிடிக்கவேண்டும்; நம் முறையில் மீன் கடியாவிடின் வருந்திப் பயனில்லை. அரைநாள் என்பது ஏறக்குறைய நான்கு மணி, முழுநாள் எட்டு மணி. முதன்முறை செல்வோர்க்கும் பிள்ளைகளோடு செல்வோர்க்கும் அரைநாளே சாலும். தலைசுற்றலும் வாந்தியும் கண்டபின் எஞ்சிய நான்கு மணிநேரம் பெருந்துன்பமாய்விடும். உதவியாளருக்கு வாடகையில் நூற்றுக்குப் பதினைந்து முதல் இருபது வரை நன்கொடை அளிப்பது அந்நாட்டு வழக்கமாதலின் அதனையும் கணக்கிற் கொள்க. விடுதிகளில் இருந்து பதிவு செய்யும் தரகரைவிட, படகுகள் திரும்பும் பிற்பகலில் துறைக்கே சென்று தலைவரோடு நேரிற் பேசுவது நன்று. இறங்குவோர் முகமும், படகைக் கழுவும் முறையும், உதவியாளரிடம் தலைவர் பேசும் விதமும் விளம்பரத்தில் காணப்படாத செய்திகளைச் சொல்லும்.

நான்காவதாக, மீன் யாருடையது என்னும் கேள்வி. ஹவாயில் பிடிபட்ட மீன் படகுக்கே உரியது என்பது நெடுநாளைய வழக்கம். தலைவர் அதனைச் சந்தையில் விற்று வருவாயாகக் கொள்வர். விருந்தினர்க்குச் சமையலுக்கு வேண்டிய துண்டங்களை அளிப்பர். “பணம் கொடுத்தவன் நான், மீன் அவருக்கா?” என்று இதனைக் கொள்ளை என்பாரும் உளர். எனக்கு அங்ஙனம் தோன்றவில்லை. அவ்விற்பனையை எதிர்பார்த்தே வாடகை குறைவாக வைக்கப்படுகின்றது எனின் அது நியாயமான உடன்பாடேயாம். விடுதியில் தங்கும் நாம் நூறு ராத்தல் சூரையை எங்ஙனம் உண்போம்? குற்றம் வழக்கத்தில் இல்லை, அதனை மறைப்பதிலேயே உள்ளது. ஆகவே படகேறும் முன்னர், எம்மீன் யாருக்கு, எவ்வளவு என்று வாய்திறந்து பேசிக்கொள்ளல் இருதரத்தார்க்கும் கடனாகும்.

இவற்றினும் பெரியதொன்று உண்டு. பிடிபட்ட மார்லினைக் கொல்வதா, விடுவதா? நீல மார்லினில் ஆண்மீன் ஏறக்குறைய 350 ராத்தலுக்கு மேல் வளர்வது அரிது. ஆயிரம் ராத்தல் என்று நாம் வியக்கும் மீன்களெல்லாம் பெண்மீன்களே. ஒரு படத்திற்காக அத்தகைய மீனைக் கொல்வோர் கடலின் தாயொன்றைக் கொல்லுகின்றனர். அமெரிக்க நாட்டில் 2012இல் இயற்றப்பெற்ற சட்டம் மார்லின் முதலிய மீன்களின் விற்பனையைத் தடுத்தது. ஆயினும் ஹவாய்க்கு விலக்களித்தது. 2018இல் அவ்விலக்கு, ஹவாயில் பிடித்த மீனை அத்தீவுகளிலும் பசிபிக்கிலுள்ள அந்நாட்டுத் தீவுப் பகுதிகளிலுமே விற்கலாம் என்று சுருக்கப்பட்டது. எனவே கோனாவில் மார்லினைக் கொன்று விற்றல் சட்டத்திற்கு மாறன்று. சட்டத்திற்கு மாறல்லாத அனைத்தும் தக்கதாகுமா என்பதே நம் வினா.

அத்தீவின் முன்னோர் இதற்கு விடை கண்டிருந்தனர். 1819இல் பழைய விலக்குமுறை ஒழிக்கப்படும் வரையில், அக்கு என்னும் சூரைக்கும் ஓபெலு என்னும் சிறுமீனுக்கும் மாறிமாறித் தடைக்காலம் இருந்தது. ஒன்றைப் பிடிக்கும் அரையாண்டில் மற்றதைத் தொடலாகாது. உண்டு வாழ்வதற்கே மீன் பிடித்தோர் தம் கையை அங்ஙனம் கட்டிக்கொண்டிருந்தனர் எனின், ஒருநாள் விளையாட்டிற்கு வந்த விருந்தினர் ஒரு மீனை விட்டுவிடுதல் பெரிய தியாகமாமோ?

“விடுவதற்காகவே பிடிப்பது கொடுமையன்றோ?” என்பாரை நான் மதிக்கின்றேன். அவ்வாறு உளங்கொண்டோர் தூண்டிலைத் தொடாது கடலைக் கண்டு மகிழ்வதே முறை. தூண்டிலைத் தொடுவோர்க்கு நான் கூறுவது இது: உணவாகும் அளவுக்குச் சூரையும் மாஹிமாஹியும் கொள்க, மார்லினை நீரினின்று மேலே இழுத்துப் படம் எடாது, படகின் பக்கத்தே நீரிலேயே வைத்துத் தூண்டில் முள்ளை நீக்கி விடுக. அதன் முதுகில் அடையாளச் சீட்டுக் குத்திவிடும் வழக்கமும் உண்டு. 1963 முதல் அந்நாட்டு ஆராய்ச்சியாளர், மீண்டும் அகப்படும் மீன்களின் சீட்டைக்கொண்டு அவை சென்ற தொலைவையும் வளர்ச்சியையும் அறிந்துவருகின்றனர். மார்லின் விற்பனையால் வரும் வருவாயைத் தலைவர் இழப்பாரே எனின், அதுவும் உண்மையே. ஆதலின் மீனை விடவேண்டும் என்னும் விருப்பத்தைப் பேரம் பேசும்போதே கூறி, அதற்குரிய தொகையைத் தருவது நேர்மை. நம் புண்ணியத்திற்குப் பிறர் கூலி கொடுத்தல் தகாது.

புகழைப் பற்றியும் ஒன்று கூறி முடிப்பேன். 1970ஆம் ஆண்டில் ஹவாயின் ஓவாஹுத் தீவருகே வாடகைப் படகொன்றில் சென்றோர் 1,805 ராத்தலுள்ள மார்லினைப் பிடித்தனர். அதனினும் பெரியது தூண்டிலில் பிடிபட்டதாகக் காணோம். எனினும் உலகச் சாதனைப் பட்டியலில் அதற்கு இடமில்லை. 1939இல் நிறுவப்பெற்ற அனைத்துலகத் தூண்டில் மீன்வேட்டைச் சங்கத்தின் விதிப்படி ஒருவரே தூண்டிலைப் பிடித்தல் வேண்டும். அம்மீனோடு பலர் மாறிமாறிப் போராடினர். இவ்வளவு பெருமீனுக்காகவும் விதியைத் தளர்த்தாத அச்சங்கத்தாரின் உறுதியை நான் பாராட்டுகின்றேன். விளையாட்டின் விதிக்கே அத்துணை மதிப்பு உண்டெனின், உயிரைக் காக்கும் விதிக்கு எத்துணை மதிப்பு வேண்டும்!

ஆகவே அயல்நாட்டுத் துறையில் நிற்கும் நம் நண்பர்கள், எவ்வளவு பெரிய மீன் பிடித்தீர் என்று கேட்பதற்கு முன்னே, எதற்கெல்லாம் மறுப்பீர் என்று கேட்பாராக. ஏழாம் ஆளுக்கும், கெட்ட வானிலைக்கும், வீண் கொலைக்கும் மறுக்கத் தெரிந்த தலைவர் எவரோ அவரே நம் குழந்தைகளைக் கரைசேர்க்கத் தக்கவர். அவர் படகில் சென்று மீனின்றித் திரும்பினும் நம் பணம் வீணாயிற்றென்று எண்ணவேண்டுவதில்லை.