பிப்பங்காய் தேசம்

ரொம்ப நாளா ஆபீஸ்ல ஆணி அதிகம். இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவே முடியலை. இப்போ எழுத உட்கார்ந்ததுக்குக் காரணம் ஒரு பீர்க்கங்காய். சிரிக்காதீங்க மக்களே, நிஜமாத்தான்.

எங்க ப்ராஜெக்ட் வேலையா மொரீஷியஸ்ல இருந்து ஒருத்தர் ரெண்டு வாரம் சென்னை வந்திருந்தார். கடைசிப் பேர் சுத்தத் தமிழ். நம்ம தாத்தாக்களுக்கெல்லாம் இருக்குமே, அந்த மாதிரி. "வாங்க, பயணமெல்லாம் சௌகரியமா?"ன்னு ஆரம்பிச்சேன். மனுஷன் திருதிருன்னு முழிச்சார். "வணக்கம்"னு ஒரு வார்த்தை, அதுக்கு மேல தமிழ் இல்லை. வீட்டுல கிரியோல், ஆபீஸ்ல இங்கிலீஷ், பேப்பர் படிக்கிறது பிரெஞ்சுல. கேண்டீன்ல எங்க டீம் ஆள் ஒருத்தன் என் காதுல, "தமிழே தெரியாதாம், இதுல தமிழனாம்"னு கிசுகிசுத்தான். நானும் சிரிச்சேன். அந்தச் சிரிப்பைப் பத்தித்தான் இந்தப் பதிவு.

சனிக்கிழமை அவரை ராஜா அண்ணாமலைபுரத்துல இருக்கிற எங்க வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிட்டு வந்தேன். வழியில மந்தைவெளியில காய் வாங்க நின்னோம். கூடையில இருந்த பீர்க்கங்காயை எடுத்து, "பிப்பங்காய்!"னார். பக்கத்துல முருங்கைக்கீரைக் கட்டு. "ப்ரெட் மூரூம்!"னார். அவங்க ஊர்க் கிரியோல்ல அதுதான் பேராம். காய் விக்கிற அம்மா என்னைப் பார்த்து, "ஏன் தம்பி, நம்ம பேரைத்தானே கொஞ்சம் மழலையா சொல்றாரு?"ன்னாங்க. நானும் என் ஃப்ரெண்டும் சேர்ந்து கேலி பண்ணின விஷயத்தை அந்த அம்மா ஒரே நிமிஷத்துல சரியாப் புரிஞ்சுக்கிட்டாங்க. வீட்டுல அம்மா ரசம் ஊத்தினப்போ "ராசோன்"னு சொல்லி ரெண்டு டம்ளர் குடிச்சார்.

மொரீஷியஸ்னா நமக்கு ஹனிமூன் பேக்கேஜ், கடற்கரை, தமிழ்ப் படப் பாட்டு. அவ்வளவுதான். ஆனா அந்தத் தீவோட கதை விசித்திரமானது. அங்க ஆதிகுடின்னு யாருமே கிடையாது. 1638ல டச்சுக்காரன் குடியேறினான், 1710ல விட்டுட்டுப் போனான். அதுக்குள்ள டோடோ பறவைக்கு முடிவு கட்டியாச்சு. 1715ல பிரெஞ்சுக்காரன், 1810ல இங்கிலீஷ்காரன், 1968 மார்ச் 12ல சுதந்திரம். பிரெஞ்சு கவர்னர் லா போர்தொனே 1735ல வந்து போர்ட் லூயியை ஒரு துறைமுக நகரமா எழுப்பினப்போ, கல் வேலைக்கும் மர வேலைக்கும் பாண்டிச்சேரிப் பக்கத்துல இருந்து ஆட்கள் போனாங்க. அவங்கதான் அங்க போன முதல் தமிழர்கள்ல சேர்த்தி.

கரும்புத் தோட்டக் கூலிங்க வந்தது அதுக்கு நூறு வருஷம் கழிச்சு. அடிமை முறை ஒழிஞ்சதும் 1834ல இருந்து ஒப்பந்தக் கூலியா ஏறக்குறைய 5 லட்சம் பேர் அந்தத் துறைமுகத்துல இறங்கினாங்க. கல்கத்தா, பம்பாயோட நம்ம மெட்ராஸ் துறைமுகத்துல இருந்தும் கப்பல் போச்சு. அவங்க ஏறி வந்த 16 கல்படி இன்னும் இருக்கு. ஆப்ரவாசி காட்னு பேரு. 2006ல யுனெஸ்கோ பட்டியல்ல சேர்த்தாங்க.

ஆக, தொன்மைன்னு அந்த மண்ணுல ஒண்ணுமே இல்லை. எல்லாம் கப்பல்ல வந்ததுதான். ஆப்பிரிக்க அடிமைகள் கொண்டு வந்த தாளம் ஸேகா ஆச்சு. பீகார்க்காரங்க போஜ்புரியோட வந்தாங்க. நம்மாளுங்க முருகனோட வந்தாங்க. தைப்பூசக் காவடிக்கு அங்க அரசு விடுமுறை. அலகு குத்தி, காவடி தூக்கி, கடைசியில வாழையிலையில ஏழு கறிச் சாப்பாடு. இத்தனை பேரும் ஒரே தோட்டத்துல வாழ ஒரு பொது பாஷை வேணும், அது கிரியோல் ஆச்சு. தமிழ் வீட்டை விட்டுப் போச்சு. அது சின்ன இழப்புன்னு நான் சொல்ல வரலை. பெரிய இழப்புதான். ஆனா அதுக்கு அவங்களைக் குத்தம் சொல்ல நாம யாரு?

1998ல நடந்த ஒரு விஷயம். அங்க ரூபாய் நோட்டுல இங்கிலீஷ், தமிழ், ஹிந்தின்னு வரிசை. புது நோட்டுல ஹிந்தியை மேல தூக்கி, தமிழைக் கீழே போட்டாங்க. "நாங்கதான் முதல்ல வந்தோம்"னு தமிழர்கள் எதிர்த்துக் கிளம்பினாங்க. நோட்டையே வாபஸ் வாங்கிப் புதுசா அடிச்சாங்க. இன்னிக்கும் தமிழ் எழுத்தும் தமிழ் எண்ணும் அதுல இருக்கு. முதல்ல இதைக் கேட்டப்போ எனக்குக் கொஞ்சம் காமெடியாத்தான் இருந்தது. வீட்டுல பேசாத பாஷைக்கு நோட்டுல இடம் கேட்டுச் சண்டையான்னு.

இப்போ அப்படித் தோணலை. ஏன்னா நான் பண்ணின காரியம் எனக்குத் தெரியும். பத்தாவது வரைக்கும் தமிழ், பிளஸ் டூல பிரெஞ்சு. மார்க்குக்காக. 200க்கு 194. இஞ்சினியரிங் சீட்டுக்கு அந்த மார்க்கைச் சேர்க்கவே மாட்டாங்கன்னு தெரிஞ்சும் எடுத்தேன். இவரோ, முன்னோர் பிரெஞ்சுக்காரன் கப்பல்ல போனதுல தமிழை இழந்து, பிரைமரி ஸ்கூல்ல தமிழை விருப்பப் பாடமா எடுத்து எழுத்து மட்டும் கத்துக்கிட்டவர். பசுமைவழிச் சாலை ஸ்டேஷன் போர்டை எழுத்துக் கூட்டி, வேர்க்க விறுவிறுக்கப் படிச்சார். நான் பக்கத்துல நின்னு அவரோட அரைகுறை பிரெஞ்சுல பேசிட்டிருந்தேன். யாரு தமிழை விட்டது, யாரு பிடிச்சுத் தொங்கிட்டிருக்கிறது?

பாஷை தெரிஞ்சாத்தான் தமிழன்னு பரீட்சை வைக்கிறவங்களுக்கு என் பதில் இதுதான். 300 வருஷம் கழிச்சும் ஒரு காய்க்குத் தமிழ்ப் பேர் சொல்றவனை வெளியே நிறுத்துற பரீட்சை, தப்பான பரீட்சை. அடுத்த தடவை அப்படி ஒருத்தரைப் பார்த்தா, "தமிழ் தெரியாதா?"ன்னு கேக்காம, "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேரு?"ன்னு கேட்டுப் பாருங்க.

கிளம்பறதுக்கு முந்தின நாள் அவர் குடும்பப் பேரைத் தமிழ்ல எழுதித் தரச் சொன்னார். எழுதினேன். ரெண்டு சுழியா மூணு சுழியான்னு சந்தேகம் வந்து அம்மாகிட்ட ஓடினேன். அவங்க திருத்திக் கொடுத்ததைத்தான் அவர் பர்ஸ்ல மடிச்சு வெச்சுக்கிட்டார்.