காது மடங்கிப் பிறந்த குழந்தை

கொஞ்சம் நீளமான பதிவு. வீட்டில் கைக்குழந்தை இருப்பவர்களாவது முழுதும் படியுங்கள்.

போன மாதம் சொந்தத்தில் ஒரு குழந்தையைப் பார்க்கப் போயிருந்தேன். பிறந்து ஒன்பது நாள். இடது காதின் மேல்பாதி மடங்கியிருந்தது. "கிரகணத்தன்னிக்கு வெளிய போயிருப்பா" என்றார் ஒரு பெரியம்மா. "தடவிவிட்டா தானா நிமிந்துக்கும்" என்றார் பாட்டி.

கிரகணத்துக்கும் காதுக்கும் சம்பந்தமே இல்லை. பெற்றவள் மேல் ஏன் இந்தப் பழி? பாட்டி சொன்னது பாதி சரி. சில காதுகள் தானாக நிமிரும். எது நிமிரும், எது நிமிராது என்பதை நாம் தடவிப் பார்த்துச் சொல்ல முடியாது. தாயிடமிருந்து வந்த ஈஸ்ட்ரோஜன் குழந்தையின் உடம்பில் இருக்கும் முதல் சில வாரங்கள்தான் காதின் குருத்தெலும்பு நன்றாக வளையும். அப்போதே சின்ன அச்சு வைத்துப் பிளாஸ்திரி ஒட்டினால், பெரும்பாலும் கத்தி வைக்காமலே வடிவத்துக்கு வந்துவிடும். மூன்று வாரத்துக்குள் ஆரம்பிப்பது நல்லது. ரொம்பத் தாமதமானால் பிறகு பெரும்பாலும் அறுவை சிகிச்சைதான்.

மடலே உருவாகாமல் பிறப்பது வேறு. மைக்ரோஷியா என்பார்கள். தோடு எங்கே குத்துவது என்றுதான் வீட்டில் முதல் கவலை! ஆனால் முதலில் செய்யவேண்டியது 'பெரா' என்ற செவித்திறன் பரிசோதனை. பலருக்குக் காதுத் துவாரமே இருக்காது. உள்காது மட்டும் பெரும்பாலும் நன்றாக இருக்கும். அதனால் எலும்பு வழியே ஒலியைக் கடத்தும் கருவியைத் தலைப்பட்டையில் வைத்துக் கைக்குழந்தைக்கே கட்டலாம். விலாக் குருத்தெலும்பில் காது செய்வது ஆறு வயதுக்கு மேல், சிலருக்குப் பத்து வயதில். அதற்கு அவசரமில்லை.

ஒரு காது கேட்டால் போதாதா என்று நானும் நினைத்தவன்தான். ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன், வலது காது சிறு சதைத் துண்டாக இருக்கும். உயர வரிசைப்படி அவனை இடது ஓரத்தில், ஜன்னல் பக்கம் உட்கார வைத்தேன். கேட்காத காது என் பக்கம், கேட்கும் காது தெருப் பக்கம். டிக்டேஷனில் பாதி வார்த்தை விட்டுவிடுவான். கவனமில்லை என்று பெஞ்சு மேல் ஏற்றியிருக்கிறேன். ஒரு வருஷம் முழுக்க. வலது ஓரத்துக்கு மாற்றியிருந்தால் போதும், செலவே இல்லாத வைத்தியம். அவனிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன். "பரவாயில்லை சார்" என்றான். எனக்குப் பரவாயில்லை என்று தோன்றவில்லை.

ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களே, நாளைக்கே வகுப்பில் ஒருமுறை பாருங்கள். முடியை வளர்த்துக் காதை மறைத்த பிள்ளை எந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது?

அந்தக் குழந்தைக்குப் பதினோராம் நாளே அச்சு வைத்துவிட்டார்கள். பிளாஸ்திரி நனையக் கூடாது என்பதால் தலைக்கு ஊற்ற முடியவில்லை என்று பாட்டிக்கு என் மேல் இன்னும் கோபம்.