ஏறலாம், இறங்க முடியாது

எப்பேர்ப்பட்ட செல்போனும் தில்லி கரோல் பாகின் கஃபார் மார்க்கெட்டுக்குப் போனால் பிழைத்துக்கொள்ளும் என்பது நகரவாசிகளின் நம்பிக்கை. உடைந்த திரைக்கு மாற்றுத் திரை, ஓய்ந்துபோன பேட்டரிக்குப் புதிய பேட்டரி. ஆனால் நேற்றிரவு வரை ஒழுங்காக ஓடிய போன், 'அப்டேட்' செய்த மறுநாள் காலை ஆமை வேகத்தில் நகர்ந்தால் அங்கே ஸ்குரூடிரைவருக்கு வேலையில்லை. கோளாறு சாதனத்தில் அல்ல, அதை இயக்கும் மென்பொருளில்.

இந்தப் புலம்பல் 2025 ஜனவரியில் அரசின் காதுக்கும் எட்டியது. ஐஓஎஸ் 18 மென்பொருளுக்கு மாறிய பிறகு ஐபோன்கள் சரியாக இயங்கவில்லை என்று தேசிய நுகர்வோர் உதவி மையத்துக்குப் புகார்கள் வந்தன. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விளக்கம் கேட்டு ஆப்பிளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. இதை அறிவித்தவர் அமைச்சர் பிரகலாத் ஜோஷி. நோட்டீஸ் என்பது தீர்ப்பல்ல. ஆனாலும் 'போன் பழசாகிவிட்டது, புதுசு வாங்குங்கள்' என்ற பதிலைக் கேட்டுச் சலித்தவர்களுக்குச் சிறு ஆறுதல்.

நிறுவனங்களின் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. புதிய பதிப்பு ஏறியதும் போன் தன்னிடமுள்ள படங்களையும் கோப்புகளையும் மறுபடி வரிசைப்படுத்துகிறது. ஓரிரு நாட்கள் சூடாவதும் பேட்டரி சீக்கிரம் தீர்வதும் பெரும்பாலும் இதனால்தான். தவிர, திருடர்கள் நுழையக்கூடிய ஓட்டைகளை அடைப்பவையும் இந்த அப்டேட்கள்தான். காய்கறி வண்டிக்காரருக்கும் யுபிஐயில் பணம் செலுத்தும் ஊரில் அவற்றை வேண்டாம் என்று ஒதுக்குவது ஆபத்து.

ஆனால் எல்லா மந்தமும் ஓரிரு நாட்களில் சரியாகிவிடுவதில்லை. பேட்டரி பழசான ஐபோன்கள் திடீரென்று அணைந்துபோகாமல் இருக்க, மென்பொருள் மூலம் அவற்றின் வேகத்தைக் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் ஒப்புக்கொண்டது. காரணம் எதுவானாலும் வாடிக்கையாளரிடம் சொல்லாமல் செய்தது தவறு என்று கூறி பிரான்ஸ் 2020இல் 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. அதற்கு முன்பே, 2018இல், இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோவும் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோவும் அபராதம் போட்டது. தாங்கும் சக்தியில்லாத போன்களில் போதிய தகவல் தராமல் அப்டேட்டை ஏற்ற வைத்தார்கள், பழைய நிலைக்குத் திரும்ப வழியும் விடவில்லை என்பது குற்றச்சாட்டு.

முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பழைய பதிப்புக்கு ஆப்பிள் ஒப்புதல் தருவதை நிறுத்திவிட்டால் ஐபோன்காரர் அதற்குத் திரும்ப முடியாது. கட்டில் வாங்கியவர் அதை எந்த மூலையில் போடுவது என்று தானே முடிவு செய்கிறார். அரை லட்சம் கொடுத்து போன் வாங்கியவருக்கு அந்த உரிமை கிடையாது.

புதிய மாடல்கள் சிலவற்றுக்கு 7 ஆண்டுகள் அப்டேட் தருவதாக கூகுளும் சாம்சங்கும் வாக்களித்துள்ளன. ஐரோப்பிய யூனியனில் 2025 ஜூன் முதல் குறைந்தது 5 ஆண்டுகள் என்பது விதி. நல்லதுதான். ஆனால் ஆண்டுக் கணக்கு மட்டும் போதாது. ஏழாவது ஆண்டிலும் போன் நடக்குமா, தவழுமா என்பதல்லவா கேள்வி? பழுதுபார்க்கும் உரிமைக்காக 2022இல் குழு அமைத்த தில்லி, பிடிக்காவிட்டால் பழைய பதிப்புக்குத் திரும்பச் சில வாரங்களாவது அவகாசம் கேட்கலாம்.

அதுவரை நுகர்வோருக்கு மிஞ்சியிருக்கும் உரிமை, 'பிறகு நினைவூட்டு' என்ற பொத்தான் மட்டுமே.