பொறுத்துக்கோம்மா!

‘ஆபரேஷன்னா வலிக்கத்தான் செய்யும். பொறுத்துக்கோம்மா!’

நம் ஊர்ப் பெண்கள் வார்டுகளில் தாராளமாகக் கிடைக்கும் மருந்து இது ஒன்றுதான். ஸ்டாக் தீர்ந்துபோனதே கிடையாது.

சென்னையிலிருந்து திருச்சி பஸ்ஸில் போனால் திண்டிவனம் தாண்டி, விழுப்புரம் வருவதற்குள் முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியைப் பார்க்கலாம். 2010-ல் வந்தது. அதற்கு முன் சிக்கலான கேஸ் என்றால் பாண்டிச்சேரி ஜிப்மருக்கு ஓட வேண்டும். ஆஸ்பத்திரி கேட்டோம், வந்துவிட்டது. அடுத்து என்ன கேட்கலாம்? வலி இல்லாமல் எழுந்து உட்காருவதைக் கேட்கலாம்.

2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 100 பிரசவத்தில் 45 சிசேரியன். கர்ப்பப்பை எடுக்கும் ஆபரேஷன்கள் தனி. முதுகில் போட்ட ஊசி சில மணி நேரத்தில் தெளிந்துவிடும். அப்புறம்? பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியதுதான்.

வயிற்றுச் சுவருக்கு வரும் நரம்புகள் இரண்டு தசை அடுக்குகளுக்கு நடுவே ஓடுகின்றன. இடுப்பின் இரு பக்கமும் அந்த இடுக்கில் மரத்துப்போகும் மருந்தைச் செலுத்தினால், வெட்டிய இடத்து வலி பல மணி நேரம் அடங்கும். ‘டாப் பிளாக்’ என்று பெயர். 2001-ல் டாக்டர் ரஃபி எழுதிய முறை. 2008-ல் அயர்லாந்து டாக்டர்கள் கர்ப்பப்பை எடுத்த பெண்களிடம் சோதித்தபோது, முதல் இரண்டு நாளில் மார்ஃபின் தேவை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது.

மருந்து அமெரிக்காவிலிருந்து வர வேண்டுமா? இல்லை சார். முதுகு ஊசியில் போகிற அதே பூபிவாகெய்ன்தான் இதற்கும்.

ஸ்கேன் பார்த்துக் குத்துவது நல்லது. ஆனால், கருவில் பெண்ணா என்று பார்ப்பதைத் தடுக்கும் 1994-ம் வருடச் சட்டப்படி மெஷினைப் பதிவு செய்ய வேண்டும். அவசியமான சட்டம். பதிவு செய்து தியேட்டரில் வைக்காதே என்று அதில் எங்கும் இல்லை. மெஷினே இல்லையா? தையல் போடும்போது சர்ஜனே காயத்தின் ஓரத்தில் மருந்தைச் செலுத்தலாம்.

இது மந்திரமில்லை. கர்ப்பப்பை சுருங்கும் வலி இதில் போகாது; அதற்கு மாத்திரை வேண்டும். அளவு கூடினால் இதயத்தைப் பாதிக்கும். எடை பார்த்து, பழகிய மயக்க டாக்டர்தான் போட வேண்டும்.

‘வலியைத் தாங்கினா என்ன குறைஞ்சுபோச்சு?’ என்பவர்களுக்கு: வலித்தால் இருமப் பயம், சளி தங்கும். எழுந்து நடக்கப் பயம், கால் ரத்தக்குழாயில் ரத்தம் உறையும். பிள்ளையை எடுத்துப் பால் கொடுக்க முடியாது. இதெல்லாம் சொகுசா?

விக்டோரியா மகாராணி 1853-ல், எட்டாவது பிரசவத்தில், குளோரோஃபார்ம் வாங்கிக்கொண்டார். யாரும் அவரிடம் ‘பொறுத்துக்கோம்மா’ என்று சொல்லி அனுப்பிவிடவில்லை. திண்டிவனம் பக்கத்து கிராமத்திலும் மகாராணி என்று பெயருள்ள பெண்கள் இருக்கிறார்கள்.

அடுத்த முறை உங்கள் மனைவிக்கோ மகளுக்கோ ஆபரேஷன் என்று கையெழுத்துக் கேட்டால், போடுவதற்கு முன் மயக்க டாக்டரிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘முதுகு ஊசி தெளிஞ்ச பிறகு வலிக்கு என்ன செய்யப் போறீங்க, டாக்டர்?’

பத்துப் பேர் கேட்டால் பதில் வரும். நூறு பேர் கேட்டால் ஊசியே வரும்.