மூட்டுவலியும் ஹார்மோன்களும்: ஒரு சகோதரியின் கேள்வி



சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் மும்பை சபைக்கு வந்துகொண்டிருந்த ஓர் இளம் சகோதரியைக் குறித்து இம்மாதம் எழுதுகிறேன். தென் தமிழ்நாட்டிலிருந்து திருமணமாகி இந்நகரத்துக்கு வந்தவர். காலையில் எழுந்தவுடன் அவருடைய விரல்கள் மடங்கா. தலைவாரவும், அடுப்பிலிருந்து பாத்திரத்தை இறக்கவும் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். முடக்குவாதம் என்று வைத்தியர் கண்டறிந்து மருந்து கொடுத்திருந்தார்.

அச்சகோதரி கருவுற்றார். நான்காம் மாதத்தில் வலி ஏறக்குறைய முற்றிலும் நீங்கியது. சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னார். நாங்கள் யாவரும் ஸ்தோத்திரித்தோம். "இனி வைத்தியரிடம் போக வேண்டியதில்லை" என்று சிலர் சொன்னார்கள். நான் அதை மறுத்துப் பேசவில்லை. அது என்னுடைய குற்றம்.

குழந்தை பிறந்து மூன்றாம் மாதத்தில் வலி முன்னிலும் கடுமையாகத் திரும்பிவந்தது. பெற்ற பிள்ளையைத் தூக்க அவருக்குக் கை கூடவில்லை. சொன்ன சாட்சி பொய்யாகிவிட்டதே என்ற வெட்கத்தில் ஆராதனைக்கு வருவதை நிறுத்திவிட்டார். நான் வீட்டுக்குச் சென்றபோது அவர் கேட்டது ஒரே கேள்வி: "பாஸ்டர், நான் என்ன தப்பு செஞ்சேன்?"

அன்று எனக்கு விடை தெரியவில்லை. பிற்பாடு வைத்தியர்களிடம் கேட்டும் வாசித்தும் அறிந்துகொண்டதை உங்களுக்குச் சொல்லுகிறேன்.

முடக்குவாதம் என்பது, நம்மைக் காக்க வேண்டிய நோயெதிர்ப்பு ஆற்றலே திசைமாறி, மூட்டின் உட்புறத்தைப் போர்த்தியிருக்கும் மெல்லிய சவ்வைத் தாக்குகிற வியாதி. இது ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு முதல் மூன்று மடங்கு அதிகமாய் வருகிறது. கர்ப்ப காலத்தில் இவ்வியாதி தணிவதை அமெரிக்காவின் மேயோ கிளினிக்கைச் சேர்ந்த பிலிப் ஹென்ச் என்னும் வைத்தியர் கவனித்து, 1938இல் எழுதினார். அப்பெண்களின் சரீரத்திலேயே ஏதோவொரு பொருள் சுரந்து நோயை அடக்குகிறது என்று அவர் கருதினார். அந்தத் தேடலின் வழியில் 1948இல் கார்ட்டிசோன் என்னும் ஸ்டீராய்டு முதன்முதலாக ஒரு முடக்குவாத நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. 1950இல் ஹென்சுக்கும் அவரோடு இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

கர்ப்பத்தில் நடப்பது என்ன? ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகிய பெண்மை ஹார்மோன்கள் பன்மடங்கு உயருகின்றன. சரீரத்தின் சொந்த ஸ்டீராய்டான கார்ட்டிசோலும் கூடுகிறது. குழந்தையின் பாதி தந்தையிடமிருந்து வந்ததாகையால், தாயின் நோயெதிர்ப்பு அதை அந்நியமென்று தள்ளிவிடாதபடி தன்னை மாற்றிக்கொள்ளுகிறது. இவையெல்லாம் சேர்ந்து, ஏறக்குறைய பாதிப்பேருக்கு மூட்டின் வீக்கம் தணிகிறது. பிரசவத்துக்குப் பின் இந்த ஹார்மோன்கள் சில நாட்களுக்குள் சரிந்துவிடுகின்றன. பால் சுரக்கச் செய்யும் புரோலாக்டினோ நோயெதிர்ப்பைத் தூண்டும் தன்மையுள்ளது. ஆகவே, பிரசவித்த சில மாதங்களுக்குள் நோய் மீண்டும் தலைதூக்குவது அநேகருக்கு நேரிடுகிறது.

அச்சகோதரி எந்தத் தப்பும் செய்யவில்லை. முன்னரே தெரிந்திருந்தால், பிரசவத்துக்குப் பின் எந்த மருந்தை எப்பொழுது மீண்டும் தொடங்குவது என்று வைத்தியரோடு பேசி ஆயத்தமாயிருந்திருப்பார். முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் கொடுக்கப்படும் மெத்தோட்ரெக்சேட் கருவிலிருக்கும் சிசுவுக்குத் தீங்கானது. தாய்ப்பால் கொடுக்கும் காலத்திலும் தவிர்க்கத்தக்கது. ஆனால் அக்காலங்களில் உட்கொள்ளத்தக்க வேறு மருந்துகள் உண்டு. கருவுறத் திட்டமிடும் முன்பே வைத்தியரிடம் இதைச் சொல்லிவிடுங்கள். இன்னொன்று: இம்மருந்து வாரத்துக்கு ஒருமுறை மாத்திரமே உட்கொள்ளப்படுவது. தவறுதலாய்த் தினமும் விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

இனி, நடுத்தர வயதுச் சகோதரிகளுக்கு ஒரு வார்த்தை. நம் நாட்டுப் பெண்களுக்கு மாதவிடாய் சராசரியாக 46, 47 வயதில் நின்றுவிடுகிறது. அதையொட்டி முழங்காலிலும் விரல்களிலும் வலி தொடங்கினால், வீட்டிலுள்ளோர் "வயதாகிவிட்டது" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறார்கள். காரணம் வயது மாத்திரமல்ல. மூட்டின் குருத்தெலும்பிலும், சவ்விலும், எலும்பிலும், தசைநாரிலும் ஈஸ்ட்ரோஜனை ஏற்கும் வாயில்கள் இருக்கின்றன. அந்த ஹார்மோன் குறைந்தவுடன் எலும்பு வேகமாய்க் கரைகிறது. அழற்சியை அடக்கும் ஓர் ஆற்றலும் குறைகிறது. 50 வயதுக்குப் பின் முழங்கால் மூட்டுத்தேய்வு ஆண்களைவிடப் பெண்களிடம் மிகுதியாய்க் காணப்படுவதற்கு இது ஒரு காரணமென்று கருதப்படுகிறது. சரீர எடையும், பல ஆண்டுகள் தரையில் குந்திச் செய்த வேலையும், மாடிப்படிகளும் அதோடு சேர்ந்துகொள்ளுகின்றன.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற சகோதரிகள் இதை நன்றாய் அறிவார்கள். ஈஸ்ட்ரோஜன் உற்பத்தியைத் தடுக்கும் லெட்ரோசோல், அனாஸ்ட்ரோசோல் போன்ற மாத்திரைகளை உட்கொள்ளுகிறவர்களில் ஏறக்குறைய பாதிப்பேருக்கு மூட்டுவலி உண்டாகிறது. வலி தாங்காமல் சிலர் தாங்களாகவே மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதிருங்கள். அம்மாத்திரை புற்றுநோய் திரும்பிவராதபடி காக்கிறது. வைத்தியரிடம் சொன்னால் மாத்திரையை மாற்றவும் வலியைக் குறைக்கவும் வழியுண்டு.

"அப்படியானால் ஈஸ்ட்ரோஜன் மாத்திரை உட்கொண்டால் மூட்டுவலி தீருமா?" என்று கேட்பீர்கள். மூட்டுவலிக்காக மாத்திரம் அதைக் கொடுப்பதில்லை. அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வில் ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டினும் சேர்த்து உட்கொண்ட பெண்களுக்கு மார்பகப் புற்றுநோயும் இரத்தக்கட்டும் கூடியதால், 2002இல் அப்பகுதி இடையில் நிறுத்தப்பட்டது. அவரவர் வயதையும் உபாதைகளையும் ஆராய்ந்து வைத்தியரே முடிவு செய்ய வேண்டிய காரியம் அது.

சகோதரர்களே, நீங்களும் விலக்கல்ல. கால் பெருவிரல் நள்ளிரவில் நெருப்பாய்ச் சிவந்து வீங்கும் கவுட் என்னும் வாதம் பெரும்பாலும் ஆண்களின் வியாதி. சிறுநீரகம் யூரிக் அமிலத்தை வெளியேற்ற ஈஸ்ட்ரோஜன் துணைசெய்வதால், மாதவிடாய் நிற்கும்வரை பெண்களுக்கு இது அரிது. கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரட்டஸின் பெயரால் வழங்கும் பழம்பெரும் நூலிலேயே இக்கவனிப்பு காணப்படுகிறது. ஆண்மை ஹார்மோனாகிய டெஸ்டோஸ்டிரோனுக்கும் அழற்சியைத் தணிக்கும் இயல்புண்டு. முடக்குவாதமுள்ள ஆண்கள் பலரிடம் அது குறைந்திருக்கிறது.

இப்பொழுது நாம் செய்யத்தக்கவை. காலை விறைப்பு அரைமணி நேரத்துக்கு மேல் நீடித்தாலோ, இரு கைகளின் சிறு மூட்டுகளும் வீங்கினாலோ, தாமதியாமல் வாதநோய் நிபுணரிடம் செல்லுங்கள். முடக்குவாதம் முதல் மாதங்களிலேயே மூட்டை அரிக்கத் தொடங்கிவிடும். படியேறும்போது வலித்து, ஓய்வில் தணிவது பெரும்பாலும் தேய்வு. அதற்குத் தொடைத் தசைகளைப் பெலப்படுத்தும் பயிற்சியும் எடைக்குறைப்பும் முதல் மருந்து. எடையில் ஒரு கிலோ குறைந்தால், ஒவ்வொரு அடியிலும் முழங்காலின் மேல் விழும் பாரம் ஏறக்குறைய நான்கு கிலோ குறைகிறது. தெருமுனை மருந்துக்கடையில் சீட்டில்லாமல் வாங்கும் வலிமாத்திரை வயிற்றையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். பெயரில்லாத பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு. இரண்டு நாளில் வலி பறந்தால் சந்தேகியுங்கள். நீண்டநாள் உட்கொண்டால் அது எலும்பையே உருக்கிவிடும்.

அச்சகோதரியிடம் மறுபடியும் சென்று, "நீங்கள் ஒன்றும் தப்பு செய்யவில்லை, தப்பு என்னுடையது" என்று சொன்னேன். அவர் மீண்டும் வைத்தியரிடம் சென்றார். இன்று அவருடைய பிள்ளை பள்ளிக்குச் செல்லுகிறான்; தாயின் கையே அவனுக்குத் தலைவாரி விடுகிறது.

எங்கள் சபையில் பெண்கள் பகுதியில் பாய்களுக்குப் பின்னால் இப்பொழுது இரண்டு வரிசை நாற்காலிகள் போட்டிருக்கிறோம். முழங்காலிட முடியாதவர்கள் அமர்ந்து ஜெபிக்கிறார்கள். ஏன் என்று எவரும் அவர்களைக் கேட்பதில்லை. உங்கள் சபையிலும் அப்படிச் செய்யுங்கள்.